எட்டாவதாக வந்த கார்

அத்தியாயம் 11

கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவர்களைச் சகாயராணிக்குப் பிடிக்காது. பன்னிரண்டு வருடம் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தபோதும் பிடிக்கவில்லை. அந்த வேலையை உதறிவிட்டுப் பாலக்கரையில் ஒரு மாடியறை பிடித்து, துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டிய இந்த நாலு வருடத்திலும் பிடிக்கவில்லை.

ரஞ்சித் அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில், அவன் வீட்டு ஹாலில், அவள் வந்து உட்கார்ந்து, அவன் கொடுத்த தண்ணீரைக் கூடக் குடித்து முடிக்கவில்லை. அதற்குள் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தான்.

"இது அன்னைக்குக் காலையில நான் கேம் ஆடிக்கிட்டிருந்ததுக்கு ரெக்கார்டு ஆன்ட்டி. ஆறு அஞ்சுக்கு ஆரம்பிச்சு ஆறு பதினாறுக்கு முடிச்சிருக்கேன். கேம் கம்பெனி சர்வர்லயே இருக்கு. ஸ்டேஷன்லயும் ஒரு காப்பி குடுத்துட்டேன்."

"நான் இன்னும் எதுவும் கேக்கலியே தம்பி."

"இல்ல, வர்றவங்க எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க."

சோபாவுக்குப் பின்னால் நின்றிருந்த வீரமலை லேசாகக் கனைத்தார். இருபத்தாறு வருடம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சகாயராணியின் உதவியாளர் என்று சொல்லிக்கொள்வார். அவளைக் கேட்டால் டிரைவர் என்பாள்.

"தம்பி, ஆன்ட்டின்னு கூப்பிட்டா எங்க மேடம் ரெண்டு கேள்வி கூடக் கேப்பாங்க. என்னை வேணும்னா அங்கிள்னு கூப்பிடுங்க, நான் எதுவும் கேக்க மாட்டேன்."

ரஞ்சித் சிரிக்கவில்லை. இருபத்து நாலு வயது. கண்ணுக்குக் கீழே தூக்கம் கெட்ட கறுப்பு.

நடந்தது இதுதான். பத்தொன்பது நாட்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை, காலை ஆறு பன்னிரண்டுக்கு, மாம்பழச்சாலையில் ரோட்டைக் கடந்துகொண்டிருந்த லூர்துராணி என்ற பெண்ணை ஒரு வெள்ளைக் கார் அடித்துத் தூக்கியெறிந்தது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவள். காலை ஷிப்டுக்குப் பஸ் பிடிக்கப் போனவள். கார் நிற்கவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவள் உயிர் போய்விட்டது. மூலைக் கடை கேமராவில் காரின் நம்பர் விழுந்திருந்தது. கண்ணாடியில் காலை வெயில் அடித்ததால் ஓட்டியவர் முகம் விழவில்லை. கார், துவாக்குடியில் பாய்லர் உதிரி பாகங்கள் செய்யும் பட்டறை வைத்திருக்கும் தர்மராஜுடையது. அவருடைய ஒரே பிள்ளை ரஞ்சித். தர்மராஜ் அந்த வாரம் முழுவதும் கோயம்புத்தூரில் இருந்தார்.

போலீஸார் வீடு தேடி வருவதற்கு முன்பே, எட்டு மணிக்கெல்லாம் அந்த வீட்டு டிரைவர் பிச்சமுத்து தானே ஸ்டேஷனுக்கு நடந்து போய், "நான்தான் மோதிட்டேன்" என்று சொல்லிவிட்டார். அவருடைய செல்போன் அந்த நேரத்தில் காரோடு சேர்ந்துதான் நகர்ந்திருக்கிறது. போலீஸுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்.

ஆனால் பிச்சமுத்துவின் மனைவி அமிர்தம் சகாயராணியின் மாடிப்படி ஏறி வந்தாள். "மண்ணச்சநல்லூர்ப் பக்கம் ஒரு தடவை ஆட்டுக்குட்டி கால்ல வண்டி ஏறிடுச்சுங்க. ஆட்டுக்காரன் வர்ற வரைக்கும் ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னவரு அவரு. ஒரு பொம்பளைய ரோட்டுல போட்டுட்டு வருவாராங்க?" என்று கேட்டாள். இன்னொன்றும் சொன்னாள். பிச்சமுத்து ஜாமீன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வக்கீல் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

வெளியே வரத் துடிக்காத கைதியைச் சகாயராணி பார்த்ததில்லை.

அவள் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். டிவி திரையைப் படம் எடுத்து அச்சடித்தது. மேலே 'டர்போ பஜார்' என்று விளையாட்டின் பெயர். கீழே ரஞ்சித்தின் பெயர், தேதி, நேரம், 'தொடர்ந்து 231வது நாள்' என்று ஒரு வரி.

"அது என்ன கேம்?"

ரஞ்சித்தின் குரலில் முதல் தடவையாக உயிர் வந்தது. "தெருவுல கார் ரேஸ் ஆன்ட்டி. அமெரிக்கா மாதிரி ஒரு சிட்டி. நிஜ டிராபிக் நடுவுல ஓட்டணும். தினமும் காலையில ஆறு மணிக்குப் புதுசா ஒரு ரேஸ் திறக்கும். ஒரு மணி நேரத்துக்குள்ள ஓட்டி முடிக்கணும். ஒரு நாள் விட்டாலும் கணக்கு பூஜ்யத்துக்குப் போயிடும்."

"நேத்து எத்தனாவது வந்தீங்க?"

"முதல். முந்தாநாள் மூணாவது, ஒரு லாரி குறுக்க வந்துடுச்சு. அதுக்கு முந்தின நாள் முதல்."

"அந்தத் திங்கக்கிழமை?"

அவன் கட்டைவிரல் சோபாத் தையலை நெருடியது. "ஞாபகம் இல்ல ஆன்ட்டி. ரெண்டு, மூணு இருக்கும்."

சகாயராணி எழுந்துகொண்டாள். காகிதத்தின் மற்ற மூன்று ஓரங்களும் அச்சில் வந்தபடி இருந்தன. அடி ஓரம் மட்டும் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டு, கொஞ்சம் கோணலாக இருந்தது.

*

"இடத்தை வெட்டியிருக்கான் மேடம்," என்றார் வீரமலை. பழைய ஆம்னி வேன் துவாக்குடி நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. "எத்தனாவதுங்கற வரி அடியிலதான் வந்திருக்கும்."

"தோத்துப் போனதை மறைக்கிறது குத்தமா வீரமலை?"

"எங்க டிப்போவுல ஒருத்தன் சீட்டாட்டத்துல தோத்தா மூணு நாள் லீவு போடுவான். அந்த மாதிரி வெக்கமா இருக்கும்."

"அப்படின்னா போலீஸுக்குக் குடுக்கற காகிதத்துல கூடவா வெக்கம்?"

வீரமலை கியர் மாற்றினார்.

சகாயராணிக்கு ரஞ்சித் மேல் சந்தேகம் இருந்தது. ஆனால் அந்தச் சந்தேகத்துக்கு நிற்க இடம் இல்லை. போன வருடம் ஒரு சுவரில் காரை மோதி அவனுடைய லைசென்ஸ் பறிபோயிருந்தது. அது அவனுக்கு எதிராகப் போகும் ஒரே விஷயம். மற்றபடி அவன் போன் அந்த நேரத்தில் வீட்டில் இருந்திருக்கிறது. விளையாட்டுப் பெட்டி வீட்டில் ஓடியிருக்கிறது. பிச்சமுத்துவின் போன் காரில் போயிருக்கிறது. எல்லாம் அவ்வளவு சுத்தமாகப் பொருந்தியது. அவ்வளவு சுத்தமாகப் பொருந்துவதும் அவளுக்குப் பிடிக்காது.

அமிர்தத்தின் மேலேயும் அவளுக்குச் சந்தேகம் வந்து போயிற்று. கணவன் செய்ததை மறைக்கத்தானே எந்த மனைவியும் வருவாள்? அதை வீரமலையிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் இரண்டு நாள் பேச மாட்டார். டிரைவர்களை யாராவது சந்தேகப்பட்டால் அவருக்கு ஆகாது.

திருச்சியில் 'டர்போ பஜார்' ஆடுகிறவர்கள் ஒரு கிளப் வைத்திருந்தார்கள். அதை நடத்துகிற ஹரிஹரசுதன், துவாக்குடியில் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிப்பவன். நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு லாட்ஜின் இரண்டாவது மாடியில் அவன் அறை. மூன்று கட்டில், கொடியில் காயும் சட்டைகள், ஒரு டிவி. டிவிக்கு அடியில் ரஞ்சித் வீட்டில் பார்த்த அதே கறுப்புப் பெட்டி.

"ரஞ்சித் மேல ஏதாவது கேஸா மேடம்?" என்று கேட்டான் ஹரிஹரசுதன். கேட்ட விதத்தில் கவலையைவிட ஆவல் கூடுதலாக இருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் நண்பர்களா?"

"அவன் முதல் இடம். நான் ரெண்டாவது இடம். அவ்வளவுதான் பழக்கம்."

சகாயராணி தேதியைச் சொன்னாள். அவன் ஒரு கணம் யோசித்தான். பிறகு மெல்லச் சிரித்தான்.

"அந்த ரேஸா? அதை மறக்க முடியுமா? எங்க லாட்ஜே அதைப் பாத்துச் சிரிச்சுது."

"பாத்தீங்களா? எப்படி?"

"சர்வர்ல முப்பது நாள் வரைக்கும் ஒவ்வொரு ரேஸும் அப்படியே இருக்கும் மேடம். யாரு ஓட்டினதையும் யாரும் திரும்பப் போட்டுப் பாக்கலாம். பட்டன் பட்டனா பதிவாகியிருக்கும். அன்னைக்கு எட்டுப் பேர் ஓட்டினோம். அவன் எட்டாவது. ஏழாவதா வந்தவன் முடிச்சு ஆறு நிமிஷம் கழிச்சு வந்தான். ரஞ்சித் குடிச்சிட்டு ஓட்டினான்னு நாங்க நினைச்சோம்."

"ரஞ்சித் இதைப் பாத்திருப்பாரா?"

"அவன் எதுக்குப் பாக்கப் போறான்? நேரமும் இடமும் மட்டும்தான் பாப்பான். ஓட்டினதைத் திரும்பப் பாக்கறது தோத்தவன் வேலைன்னு சொல்லுவான்."

அவன் படத்தை ஓடவிட்டான்.

திரையில் ஒரு வெளிநாட்டு நகரம் விரிந்தது. உயரமான கட்டடங்கள், பனைமர வரிசை, அகலமான தெரு. கோட்டில் எட்டுக் கார்கள் உறுமிக்கொண்டு நின்றன. சிவப்பு விளக்கு பச்சையானதும் ஏழு கார்கள் சீறிப் பாய்ந்து கண்ணுக்கு மறைந்தன. எட்டாவது கார், ரஞ்சித்தின் பெயர் மேலே மிதந்த மஞ்சள் கார், இரண்டு நொடி கழித்து மெதுவாக நகர்ந்தது.

நகர்ந்து, தெருவின் இடது ஓரத்துக்குப் போனது.

"பாருங்க, பாருங்க," என்றான் ஹரிஹரசுதன். "அங்க எல்லா வண்டியும் வலது பக்கம்தான் போகும். இவன் நேரா எதிர் வண்டிக்குள்ள போறான்."

எதிரே ஒரு பெரிய லாரி வந்தது. மஞ்சள் கார் 'பாம் பாம்' என்று ஹார்ன் அடித்தது. லாரி விலகவில்லை. கார் ஒதுங்கி, நடைபாதையை ஒட்டி நின்று, லாரி போகும் வரை காத்திருந்து, மறுபடி கிளம்பியது. கிளம்பி மறுபடி இடது பக்கமே போனது. அடுத்து ஒரு பஸ். மறுபடி ஹார்ன், மறுபடி ஒதுங்கல். ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் இரண்டு ஹார்ன். ரோட்டுக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு தெரிந்த இடத்திலெல்லாம் பிரேக்.

சகாயராணிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. வீரமலை ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் கட்டில் விளிம்பிலிருந்து முன்னால் சாய்ந்து, முழங்காலில் கையூன்றி, வாயே திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நகரத்தின் நடுவில் ஒரு பெரிய நாற்சந்தி. சிக்னலில் சிவப்பு. அந்த விளையாட்டில் சிக்னலுக்கு யாரும் நிற்பதில்லையாம். அது வெறும் அலங்காரம் என்றான் ஹரிஹரசுதன். மஞ்சள் கார் கோட்டுக்குப் பின்னால் போய் நின்றது. குறுக்கே ஒரு வண்டியும் இல்லை. முன்னும் பின்னும் வெறும் தெரு. அப்படியும் அது நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"நாப்பது செகண்ட் மேடம்," என்றான் ஹரிஹரசுதன். "ரேஸ் நடுவுல."

"நிறுத்துங்க," என்றாள் சகாயராணி. "இது எத்தனை மணிக்கு?"

அவன் மூலையில் இருந்த நேரத்தைச் சுட்டிக் காட்டினான். ஆறு மணி பன்னிரண்டு நிமிடம்.

கீழே நெடுஞ்சாலையில் தஞ்சாவூர் பஸ் ஒன்று ஏர் ஹார்னோடு போனது.

"மேடம்," என்றார் வீரமலை. குரல் தணிந்திருந்தது. "இது ரஞ்சித் இல்ல. ரஞ்சித்துக்கு இது கேம். இவருக்கு இது ரோடு. ஆள் இல்லாத சிக்னல்லயும் நிக்கிறாரு பாருங்க. வருஷக்கணக்கா சம்பளத்துக்கு ஸ்டியரிங் பிடிச்ச கை இது. அந்தக் கைக்கு வேற மாதிரி ஓட்டத் தெரியாது."

சகாயராணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரஞ்சித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஸ்டேஷனில் கொடுத்த காகிதம், அவன் வீட்டில் இருந்ததாகச் சொல்லவில்லை. வேறு ஒருவர் இருந்ததாகச் சொன்னது. லூர்துராணி தூக்கியெறியப்பட்ட அந்த நிமிடத்தில், பிச்சமுத்து யாருமில்லாத ஒரு நாற்சந்தியில் பச்சை விளக்குக்காகக் காத்திருந்தார்.

"ஊகம்தான்," என்று கடைசியில் சொன்னாள். "இடது பக்கம் போனான், ஹார்ன் அடிச்சான்னு கோர்ட்ல சொன்னா சிரிப்பாங்க. கன்ட்ரோலரைப் பிடிச்ச கை யாருதுன்னு பிச்சமுத்துவே சொல்லணும்."

"அவர் வக்கீல்கிட்டயே பேசலியே."

"வக்கீல்கிட்ட பேச மாட்டார். டிரைவர்கிட்ட பேசுவார்." அவள் ஹரிஹரசுதன் பக்கம் திரும்பினாள். "தம்பி, இதைப் பத்திரமா எடுத்துக் குடுங்க. அப்படியே, இந்த கேம்ல ஹார்ன் எந்தப் பட்டன்?"

ஹரிஹரசுதன் கையிலிருந்த கன்ட்ரோலரைப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தான். ஏழாவது முயற்சியில்தான் சத்தம் வந்தது.

"ஒரு வருஷமா ஆடறேன் மேடம்," என்றான் கூச்சத்தோடு. "ரேஸ்ல யாரு ஹார்ன் அடிப்பா?"

*

மத்திய சிறையில் மனு எழுதிப் போட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அமிர்தத்தோடு சகாயராணியும் வீரமலையும் உள்ளே போனார்கள்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பிச்சமுத்து வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சவரம் செய்யாத முகம். மனைவியைப் பார்த்தார், மற்ற இருவரையும் பார்த்தார். பார்வை உடனே தரைக்கு இறங்கிவிட்டது.

"இவங்களை எதுக்குக் கூட்டிட்டு வந்த? நான்தான் சொல்லிட்டேனே. மோதினது நான்தான்."

"சரிங்க," என்றாள் சகாயராணி. "அதைப் பத்திக் கேக்க வரல. சும்மா ஒண்ணு தெரிஞ்சுக்கணும். ரஞ்சித் டிவியில ஆடற கேம் இருக்கே, அதை நீங்க ஆடியிருக்கீங்களா?"

"அதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம். நான் தொட்டதே இல்ல."

பதில் உடனே வந்தது. சகாயராணி தலையை ஆட்டிவிட்டு அமிர்தத்துக்கு வழி விட்டாள். அமிர்தம் சாப்பாட்டைப் பற்றி, முட்டிவலி மாத்திரை பற்றிக் கேட்டாள். வீரமலை வலைக்குப் பக்கத்தில் வந்து சாய்ந்துகொண்டார்.

"நானும் டிரைவர்தாங்க. டவுன் பஸ். சத்திரம், ஸ்ரீரங்கம். இருபத்தாறு வருஷம்."

பிச்சமுத்து நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணாம் நம்பரா?"

"ஒண்ணாம் நம்பரேதான். காவேரிப் பாலத்துல என் ஆயுசுல பாதி போயிடுச்சு." வீரமலை பெருமூச்சு விட்டார். "நேத்து இவங்க என்னை அந்த கேம்ல உக்கார வெச்சுட்டாங்க அண்ணே. என்ன வண்டி அது. எதிர்ல ஒருத்தன் லாரிய ஏத்திக்கிட்டு வர்றான். நான் எல்லாப் பட்டனையும் அமுக்கிட்டேன், ஹார்னே இல்ல. ஹார்ன் இல்லாத வண்டிய ஒருத்தன் எப்படி ரோட்டுல எடுக்கறது? எவன்யா இதைச் செஞ்சான்னு கன்ட்ரோலரைத் தூக்கிப் போட்டுட்டேன்."

"இருக்கே," என்றார் பிச்சமுத்து. "இடது பக்கம் உருண்டையா ஒரு குச்சி நிக்குதில்ல, வண்டியத் திருப்பறது, அதை அப்படியே உள்ள அமுக்கணும். லேசா அமுக்கினா..."

நின்றுவிட்டார்.

பிச்சமுத்துவின் இடது கை தானாகவே கட்டைவிரலை மடக்கி எதையோ அமுக்குவது போல அந்தரத்தில் நின்றிருந்தது. அதை அவர் மெல்லக் கீழே இறக்கினார்.

"தொட்டதே இல்லேன்னீங்க," என்றாள் சகாயராணி.

"அண்ணே, அந்தச் சிக்னல்ல நாப்பது செகண்ட் நின்னீங்களே," என்றார் வீரமலை. இப்போது அவர் குரலில் கேலி இல்லை. "நான் முழுசாப் பாத்தேன். ஒரு தப்பு இல்ல. என் டிப்போவுல அந்த மாதிரி ஓட்டினவங்க மூணு பேர்கூட இல்ல."

பிச்சமுத்துவின் முகம் கோணியது. வலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். அமிர்தமும் இந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"காலையில வண்டி துடைக்கப் போனேன்," என்று ஆரம்பித்தார். "தம்பி வந்து சாவியைக் கேட்டுச்சு. ரோடு காலியா இருக்கும், பாலம் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேன்னுச்சு. நான் குடுக்கல. அப்பாவும் ஊருல இல்ல, பத்து நிமிஷம்தான், லைசென்ஸ் போனதுலேருந்து ஸ்டியரிங்கையே தொடலன்னு கெஞ்சுச்சு. எல்கேஜிலேருந்து ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போன புள்ள. குடுத்துட்டேன்."

"கேம்?"

"ஆறு மணி ரேஸை விட்டா கணக்கு போயிடும், நீங்க ஓட்டுங்க அண்ணேன்னு உள்ள கூட்டிட்டுப் போய் எல்லாப் பட்டனும் சொல்லிக் குடுத்துச்சு. ஜெயிக்க வேணாம், கோட்டைத் தாண்டினா போதும்னுச்சு. என் போன் வழக்கம்போல வண்டி டேஷ்போர்டுல கிடந்துச்சு. தம்பி தன் போனை டிவிகிட்டயே வெச்சுட்டுப் போயிடுச்சு. நான் ஓட்டி முடிச்சுட்டு வெளியில வந்தேன். வண்டி உள்ள வந்துச்சு. கண்ணாடி நொறுங்கி இருந்துச்சு. தம்பி இறங்காம அப்படியே உக்காந்திருந்துச்சு."

"அவங்க அப்பா சொல்லித்தான் நீங்க..."

"யாரும் சொல்லலீங்க." அவர் வேகமாகத் தலையாட்டினார். "தர்மராஜ் சார் என்கிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? போன வருஷம் அந்தச் சுவத்துல இடிச்சப்ப, என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'பிச்சமுத்து, என் பையன் கேட்டாலும் சாவியைக் குடுக்காதே, நான் செத்துட்டேன்னு சொல்லிக் கேட்டாலும் குடுக்காதே'ன்னாரு. நான் தலையாட்டினேன். அப்புறம் குடுத்தேன். அந்தப் பொண்ணு செத்தது என் கையால குடுத்த சாவியில. மோதினது யாரா இருந்தா என்ன? நான்தான்."

அமிர்தம் வலை வழியாக ஒரு விரலை விட்டு அவர் விரலைத் தொட்டாள். "இதை முதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல," என்றாள்.

சகாயராணி குனிந்து அவருக்கு நேராக முகம் வைத்துப் பேசினாள்.

"சாவி குடுத்தது உங்க தப்பு. அதை நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா அடிச்சுட்டு நிக்காம போனாரு பாருங்க ஒருத்தர், அது அவர் தப்பு. அதையும் சேத்து நீங்க எடுத்துக்கிட்டா, அந்தப் பொண்ணு வீட்டுல இருக்கறவங்க கடைசி வரைக்கும் தப்பான ஆளைத் திட்டிக்கிட்டு இருப்பாங்க. அவங்களுக்கு உண்மை கூடக் கிடைக்க வேண்டாமா?"

பிச்சமுத்து ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் முடிந்துவிட்டது என்று காவலர் வந்து சொன்னார். அப்புறம்தான் தலையைத் தூக்கினார்.

"வக்கீலை வரச் சொல்லுங்க," என்றார்.

*

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பிச்சமுத்துவின் புது வாக்குமூலம் மாஜிஸ்டிரேட் முன்னால் பதிவானது. இன்ஸ்பெக்டர் ரஞ்சித்தை வரவழைத்து, ஸ்டேஷன் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தை ஓடவிட்டார். 'தம்பி, நீங்க ஓட்டினதுதானே, பாருங்க' என்றார். ரஞ்சித் தன் பெயர் மிதந்த மஞ்சள் காரை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தான். இடது பக்கம் போனதைப் பார்த்தான். லாரிக்கு ஒதுங்கி நின்றதைப் பார்த்தான். சிக்னலில் கார் நின்றதும் அவன் தலை குனிந்தது. அது மறுபடி கிளம்பும் வரைக்கும் கூட அவனால் தாங்க முடியவில்லை. அப்பாவைக் கூப்பிடுங்கள் என்றான்.

தர்மராஜ் வந்தார். மகனை ஒரு வார்த்தை கேட்டார்: "நின்னு பாத்தியாடா?" ரஞ்சித் இல்லை என்று தலையாட்டினான். தர்மராஜ் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். தான் கூட்டி வந்த வக்கீலை வெளியே இருக்கச் சொன்னார்.

பொய் வாக்குமூலம் கொடுத்ததற்காகப் பிச்சமுத்து மேல் தனி வழக்கு பதிவானது. அந்த வழக்கில் அவர் ஜாமீன் கேட்டார். கிடைத்தது. வெளியே வந்த அன்று சாயந்திரம், வீட்டுக்குப் போகாமல், சகாயராணியின் மாடிப்படி ஏறி வந்தார்.

"திருவானைக்காவல் போகணுங்க. அந்தப் பொண்ணு வீட்டுக்கு. தனியா போக தைரியம் வரல."

அவளும் வீரமலையும் கூடப் போனார்கள். சின்னத் தெரு. ஓட்டு வீடு. வாசல் விளக்கு இன்னும் போடவில்லை. லூர்துராணியின் அண்ணன் சின்னையன் கதவைத் திறந்தார். ரயில்வே நீலச் சட்டையில் இருந்தார். அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருக்க வேண்டும். பேப்பரில் வந்த படத்தை வைத்துப் பிச்சமுத்துவை அடையாளம் தெரிந்துகொண்டார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

பிச்சமுத்து படிக்குக் கீழேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். சாவி கேட்டது, தான் மறுத்தது, பிறகு கொடுத்தது, பொய் சொன்னது. எதையும் குறைத்துச் சொல்லவில்லை. சகாயராணி குறுக்கே போகவில்லை. இத்தனை வருட அனுபவத்தில் அவள் கேட்ட வாக்குமூலங்களில் இப்படி ஒன்றும் இருந்ததில்லை; சொன்னவர் எதையும் எதிர்பார்க்கவில்லை.

சின்னையன் முழுவதையும் கதவைப் பிடித்தபடியே கேட்டார். முடிந்ததும் தெருவைப் பார்த்தார்.

"அவ எழுந்து நடக்கப் பாத்திருக்கா," என்றார். "டீக்கடைக்காரர் சொன்னாரு. பஸ் போயிடும்னு சொல்லிக்கிட்டே எழுந்திருக்கப் பாத்திருக்கா. அந்த நேரத்துல வண்டி நின்னிருந்தா, தூக்கிட்டுப் போயிருந்தா பொழைச்சிருப்பான்னு டாக்டர் சொன்னாரு."

"இதெல்லாம் கோர்ட்லயும் சொல்லுவீங்களா? அந்தப் பையன் முன்னாடி? அவங்க அப்பா முன்னாடி?"

"சொல்லுவேங்க."

"அப்புறம் மாத்திப் பேச மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"நானும் வந்து உக்காந்திருப்பேன்," என்றார் சின்னையன். "சொல்றப்ப என்னைப் பாத்துச் சொல்லுங்க."

கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பிச்சமுத்து சாத்திய கதவுக்கு எதிரே ஒரு நிமிடம் கைகட்டி நின்றுவிட்டுத் திரும்பினார். வீரமலை வேனின் முன் கதவைத் திறந்து, தன் பக்கத்து இருக்கையில் கிடந்த துண்டை எடுத்துப் பின்னால் போட்டு, அவருக்கு இடம் செய்து கொடுத்தார்.